வலப்பக்கம் பார்த்துச் சிரிப்பவர்கள்

கூட்டத்தில் இருந்தவர்கள்: பயிற்சித் துறை இயக்குநர், அவருக்கு வலப்பக்கம் கற்றல் ஆலோசகர், எதிரே, நடந்ததையும் நடக்காததையும் எழுதி வைக்கும் குறிப்பாளர், சுவரோரம் பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில் போட்ட ஸ்டூலில் படக்காரர். வராதவர்கள்: குளிர்கிடங்கில் வேலை செய்யும் எவரும். பாடமே அவர்களுக்காகத்தான் தயாராகிறது என்பதால், அவர்களைக் கூப்பிட்டு அதன் புதுமையைக் கெடுக்க வேண்டாம் என்று முந்தின கூட்டத்தில் முடிவாகியிருந்தது.

படக்காரர் படம் வரைபவர் அல்ல. வரையத் தெரிந்திருந்தால் அந்த வேலையில் சேர்த்திருக்க மாட்டார்கள். கணினிப் பாடத்தில் எங்கே எழுத்து இருக்கிறதோ அங்கே ஒரு படத்தைக் கொண்டு வந்து ஒட்டுவது அவர் வேலை. இணையத்தில் விலைக்குக் கிடைக்கும் ரெடிமேட் ஓவியங்கள். ஸ்டாக் படம் என்பார்கள். அந்தப் படங்களில் இருக்கும் மனிதர்களுக்கு வியர்க்காது, பசிக்காது, முதுகு வலிக்காது. எதைக் கண்டாலும் சிரிப்பார்கள். நிறுவனத்தின் ஊழியர்கள் எல்லோரும் கணினி முன் உட்கார்ந்து, இந்தச் சிரிப்புகளை ஒவ்வொன்றாகக் கடந்து, கடைசியில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சான்றிதழ் வாங்க வேண்டும். சான்றிதழ் இல்லாதவருக்கு வேலை இல்லை.

அன்றைக்கு எடுத்துக்கொண்ட பாடம், ‘ஃப்ரீசர் அறையில் பாதுகாப்பு’. மீனும் பட்டாணியும் கல்லாக உறைந்து அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் அறை அது. பக்கவாட்டில் ஓடும் கதவு, ஒரு சாண் கனம். வெளியே நின்று இழுத்துச் சாத்திக் கைப்பிடியை இறக்கினால் பூட்டிக்கொள்ளும். மின்சாரச் சிக்கனத்துக்காக அந்த நொடியே உள்ளே விளக்கும் அணைந்துவிடும். யாராவது தவறி உள்ளே மாட்டிக்கொண்டால் இருட்டில் தடவிக் கண்டுபிடிக்கக் கதவின் உள்பக்கம், வலது ஓரத்தில், ஒரு சிவப்புக் குமிழ் உண்டு. அதை அமுக்கினால் பூட்டு விட்டுவிடும். கதவைச் சாத்துமுன் “உள்ளே யாராவது இருக்கீங்களா?” என்று குரல் கொடுக்க வேண்டும். கற்றுக்கொள்ள இருந்தது மொத்தத்தில் இவ்வளவுதான். ஒரு ஆள் இன்னொரு ஆளிடம் பீடி பற்ற வைக்கும் நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் ஒரு துறையை எதற்கு வைத்துக்கொள்வது?

படக்காரருக்கு இந்தப் பாடத்தில் மட்டும் தனி அக்கறை. அவருடைய அக்கா அந்தக் கிடங்கின் வெளிமுற்றத்தில் பெட்டி கட்டும் தினக்கூலி. இந்தப் பாடத்தில் தேறினால் ஃப்ரீசர் அறையில் நிரந்தர வேலை என்று சொல்லியிருந்தார்கள். அதனால்தான் படக்காரர் வழக்கத்துக்கு மாறாகக் கிடங்கு மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து, அந்தக் கதவையும் அந்தக் குமிழையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். அதுதான் முதலில் திரையில் வந்தது. கிழிந்த குல்லாய், சவரம் காணாத முகம், உள்பஞ்சு தெரியும் கோட்டு. மெக்கானிக்கே நின்று வலது ஓரத்துக் குமிழை அமுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

“இவர் யாரு?” என்றார் இயக்குநர்.

“கிடங்கு மெக்கானிக், மேடம்.”

“நம்ம ஆளா?”

“ஆமா, மேடம்.”

“அதான் பிரச்சனை. பார்த்தாலே நம்ம ஆளு மாதிரி இருக்காரே.”

ஆலோசகர் தொண்டையைச் செருமினார். அலுவலகத்தில் அவருக்குச் சிரிப்பு சார் என்று பெயர். படங்களில் இருப்பவர்கள் சிரிக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டு வந்தவர் அவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

“பாடம் படிக்கிறவன் படத்துல தன்னைப் பார்க்கக் கூடாது. பார்த்தா மனசு விட்டுடும். தான் யாரா ஆகணும்னு ஆசைப்படுறானோ அவனைத்தான் பார்க்கணும்.”

“ஃப்ரீசர் ரூம்ல வேலை பாக்குறவர் யாரா ஆகணும்னு ஆசைப்படுவாரு சார்?” என்று படக்காரர் உண்மையிலேயே தெரியாமல் கேட்டார்.

“ஃப்ரீசர் ரூம்ல வேலை பார்க்காதவரா.”

குறிப்பாளர் எழுதினார்: ஏற்கப்பட்டது.

படக்காரர் இதற்கும் தயாராகத்தான் வந்திருந்தார். ஃப்ரீசர், கதவு, உள்ளே என்று அவர் தேடியபோது முதலில் பென்குயின்கள் வந்தன. பிறகு ஐஸ்கிரீம் தின்னும் தம்பதிகள். பிறகு மறுபடியும் பென்குயின்கள், இந்த முறை டை கட்டிக்கொண்டு. ஒருவழியாக ஒரு படம் சிக்கியது. கோட்டு இல்லை, கையுறை இல்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒரு இளைஞன், அகலமான கதவின் முன்னால் நின்றான். கை வலது ஓரத்துச் சிவப்புக் குமிழை அமுக்கியது. முகம் மட்டும் இடப்பக்கம் திரும்பி, அங்கே யாரோ ஜோக் அடித்தது போலச் சிரித்தது. குமிழ் வலப்பக்கம் இருந்ததே, அதுதான் படக்காரருக்கு வேண்டியது. அன்று டீக்கடையில் தனக்கே ஒரு பன் வாங்கிக் கொடுத்துக்கொண்டார்.

படத்தைத் திரையில் போட்டதும் இயக்குநர் முகம் மலர்ந்தது. “இதான். பாருங்க, குளிரே தெரியல இவருக்கு.”

“குளிரணும்ல மேடம், ஃப்ரீசர்…”

“நம்ம நிறுவனத்துல யாருக்கும் குளிராது. அடுத்தது.”

அடுத்தது, சாத்துமுன் குரல் கொடுப்பது. இதற்குப் படக்காரர் பட்ட பாடு கொஞ்சமல்ல. உலகத்தில் உள்ள ஸ்டாக் படங்களில் குரல் கொடுக்கும் மனிதர்கள் எல்லோரும் கோபத்தில்தான் கொடுத்தார்கள். வாயைத் திறந்தால் சிரிப்பு போய்விடுகிறது. சிரித்துக்கொண்டே கூப்பிடுபவர் ஒருவரும் கிடைக்கவில்லை என்று அவர் சொன்னார்.

“படம் இல்லாத வரி, பக்கத்துல ஓட்டை மாதிரி,” என்றார் ஆலோசகர். “படிக்கிறவன் கண்ணு அதுல விழுந்துடும்.”

“அப்ப வரியை எடுத்துடுங்க,” என்றார் இயக்குநர்.

“மேடம், அது வந்து… உள்ள ஆள் இருக்காங்களான்னு பாக்கணும்னு சொல்ற வரி.”

“படத்துல உள்ள யாரும் இல்லையே?”

“படத்துல இல்ல, மேடம்.”

“அப்புறம் என்ன?”

ஏற்கப்பட்டது.

விரல் மரத்துப் போனவருக்கு முதலுதவி செய்யும் பக்கத்தில், மரத்துப் போனவர் போதுமான அளவு சிரிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். முதலுதவி செய்பவரைவிட அவர் கூடுதலாகச் சிரிக்க வேண்டுமாம்; உதவி பெறுவது அவர்தானே. படக்காரர் ஒரு ஷாம்பு விளம்பரத்திலிருந்து சிரிப்பைக் கத்தரித்து அவர் முகத்தில் வைத்தார். பார்த்தால் விரல் போனதே நல்லதுக்கு என்பது போல இருந்தது. எல்லோருக்கும் பிடித்திருந்தது.

கூட்டம் முடிந்து நாற்காலிகளைப் பின்னால் தள்ளும்போதுதான் ஆலோசகர் மறுபடியும் அந்தக் குமிழ் படத்தைப் போடச் சொன்னார். தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார்.

“இவன் எதைப் பார்க்கிறான்?”

மற்றவர்களும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள்.

“கடந்த காலத்தைப் பார்க்கிறான். நாம இடமிருந்து வலமா படிக்கிறோம். இடது கடந்த காலம். வலது எதிர்காலம். நம்ம ஊழியன், நம்ம காசு கொடுத்து வாங்கின ஊழியன், எதிர்காலத்துக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கிறான். மத்த பாடங்கள்லயும் பாருங்க. ஒருத்தர் விடாம இடது பக்கம் பார்க்கிறாங்க! நம்ம ஆளுங்க ஏன் பழைய பாக்கியையே பேசுறாங்கன்னு இப்பதான் புரியுது.”

இயக்குநர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “திருப்புங்க,” என்றார்.

“கழுத்தையா மேடம்?”

“படத்தை. எல்லாப் படத்தையும்.”

கண்ணாடியில் தெரிவது போல ஒரு படத்தை இடவலம் மாற்றக் கணினியில் ஒரு கட்டளை போதும். எல்லாப் படத்தையும் மாற்றவும் அதே ஒரு கட்டளை போதும். படக்காரர் பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது நிறுவனத்தின் பாடங்களில் இருந்த மனிதர்கள் அத்தனை பேரும் எதிர்காலத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் இடது கைக்காரர்களாகியிருந்தார்கள். படங்களில் இருந்த சுவர்க் கடிகாரங்களில் எண்கள் பின்னோக்கிப் போயின. கேள்வித்தாளை எப்போதும் போலக் குறிப்பாளர்தான் தயாரித்தார். படத்தைப் பார்த்துத் தயாரித்தார்.

படக்காரருக்கு விஷயம் உறைத்தது வீட்டில்தான்.

அக்காவும் மாமாவும் அவரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். இரண்டு அறை. உள்ளறையில் மாமா. பெட்டி தூக்கி இடுப்பு போனதிலிருந்து கட்டிலே அவருக்கு உலகம். முன்னறையில் அக்கா துணி மடித்துக்கொண்டே தேர்வுக்கு வந்ததை ஒப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வு காலையிலேயே முடிந்திருந்தது. முழு மதிப்பெண். சந்தோஷத்தில் நிறுத்த முடியவில்லை.

“கதவைப் பார்த்து நிக்கணும். இடது கையை நீட்டணும். இடது ஓரத்துல இருக்குற குமிழை அமுக்கணும். சிரிக்கணும்.”

படக்காரர் கையில் இருந்த தம்ளரைக் கீழே வைத்தார். “என்ன சொன்ன?”

“சிரிக்கணும். அதுக்கும் மார்க் உண்டுடா.”

“அதுக்கு முன்னாடி.”

“இடது ஓரத்துக் குமிழ்.”

“அக்கா, அது வலது.”

“இடது.”

“வலதுக்கா. நான் திருப்பினதுல மாறிடுச்சு.” ஃபோனை எடுத்து மெக்கானிக்கின் ஃபோட்டோவைக் காட்டினார். “பாரு. நெஜக் கதவு. வலது.”

அக்கா ஃபோனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “இந்த ஆளைப் பார்த்தா சவரம் பண்ணவே நேரமில்லாதவர் மாதிரி இருக்கார். இவருக்குக் குமிழ் எங்க இருக்குன்னா தெரியப் போகுது? பாடத்துல வந்த பையன் எவ்வளவு நீட்டா இருந்தான்!”

“அந்தப் பையனைப் போட்டதே நான்தான்க்கா!”

“அதான் சொல்றேன். நல்லாத்தான் போட்டிருக்க. இப்ப எதுக்கு அதுல போய்க் குத்தம் கண்டுபிடிக்கிற?”

“அது உன் உசுருக்கா. கதவு சாத்திட்டா உள்ள இருட்டு. நீ இடது பக்கம் தடவிட்டே நிப்ப.”

“டேய், வலதுன்னு போட்டவங்க எல்லாம் ஃபெயில். எனக்குப் பக்கத்துல உக்காந்தவன் வலதுன்னு போட்டு, இப்ப மறுபடியும் முற்றத்துல பெட்டி கட்டுறான். நான் பாஸ். நிரந்தர வேலை. நீ வாயை மூடிட்டு இரு, யார் காதுலயாவது விழுந்து வச்சிடப் போகுது.”

உள்ளறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது: “மாப்ளே, விடு. ஆபீஸ் இடதுன்னு சொல்லிட்டா, கதவு கேட்டுத்தான் ஆகணும்.”

மாமா அதை வேடிக்கையாகத்தான் சொன்னார்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் படத்தை மறுபடியும் திருப்பப் போனார் படக்காரர். கணினி விடவில்லை. புதிதாக வந்த விதிப்படி, வெளியான பாடத்தில் படத்தை மாற்ற வேண்டுமென்றால் முதலில் ‘படம் திருத்துதல்: அறிமுகம்’ என்ற பாடத்தில் தேற வேண்டுமாம். அந்தப் பாடத்துக்குப் படம் போட்டவரும் அவர்தான். உட்கார்ந்து படித்தார். கடைசிக் கேள்வியில் ஒரு பெண் எதிர்காலத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கேள்வி: இவர் ஏன் மகிழ்ச்சியாக இருக்கிறார்? படக்காரருக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். பல் மருத்துவர் ஒருவரின் விளம்பரத்துக்காக வரைந்த படம். பல் வலி தீர்ந்ததால் என்று பதில் சொன்னார். தவறு. சரியான விடை: அவர் திருத்தம் எதுவும் கேட்கவில்லை என்பதால்.

தேறாதவர் மறுபடி எழுத இயக்குநரின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கேட்கப் போனவரை இயக்குநர் அடுத்த வாரக் கூட்டத்தில் வந்து பேசச் சொன்னார். அதே மேசை, அதே ஸ்டூல். படக்காரர் இந்த முறை உட்காரவில்லை.

“மேடம், கதவுல குமிழ் வலது பக்கம் இருக்கு. பாடத்துல இடது பக்கம் வந்துடுச்சு. தப்பு என்னோடதுதான். திருப்பிப் போட விடுங்க. என் அக்கா அங்க வேலைக்குப் போறாங்க, மேடம்.”

இயக்குநர் குறிப்பாளரைப் பார்த்தார். குறிப்பாளர் கணக்கை எடுத்து வைத்தார்: தேறியவர்களில் ஒருவர் விடாமல் எல்லோரும் இடது என்றே சொல்லியிருக்கிறார்கள்.

“பார்த்தீங்களா? தேறின அத்தனை பேரும் இடது. நீங்க ஒருத்தர் மட்டும் வலது. அதுவும் நீங்க போன வாரம் பட்டுத் திருத்தத்துல ஃபெயில்.”

“படத் திருத்தம், மேடம்.”

“ஏதோ ஒண்ணு.”

“ஆனா மேடம், கதவு…”

“கதவு, கதவுன்னா?” இயக்குநருக்கு மெல்லக் கோபம் வந்தது. “நான் இந்தத் துறைக்கு வந்தப்ப ஒரு பாடத்துலயும் படம் கிடையாது. ஜனங்க எழுத்தைப் படிச்சிட்டு இருந்தாங்க. படிச்சு, கேள்வி கேட்டுட்டு இருந்தாங்க. இப்ப யாராவது கேக்குறாங்களா? இந்தப் பாடத்துக்கு விருது வரப் போகுது, தெரியுமா? ‘மிக மகிழ்ச்சியான பாடம்’னு. விருதுக் குழு நேர்ல வந்து பார்க்கப் போறாங்க. உங்க கதவுக்கு ஏதாவது விருது வந்திருக்கா?”

கதவுக்கு விருது எதுவும் வந்ததில்லை என்று படக்காரர் ஒப்புக்கொண்டார்.

ஆலோசகர் சமாதானமாகப் பேசினார். “இவர் சொல்றதுலயும் ஒரு விஷயம் இருக்கு, மேடம். பாடமும் கதவும் ஒத்துப் போகல. ஒத்துப் போகணும். பாடத்தைக் கதவுக்காக மாத்த ஆரம்பிச்சா நாளைக்கு மாடிப்படிக்காக மாத்தணும், தரைக்காக மாத்தணும், கடைசியில ஆளுங்களுக்காகவே மாத்தச் சொல்லுவாங்க. அதுக்கு முடிவே கிடையாது. கதவை மாத்திடலாம்.”

மேசையைச் சுற்றிலும் நிம்மதி பரவியது. வலப்பக்கக் குமிழை எடுத்துவிட்டு இடப்பக்கம் வைப்பது என்று முடிவாயிற்று. படக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் யோசித்துப் பார்த்தால், குமிழ் எந்தப் பக்கம் இருந்தால் என்ன? அக்கா இடது பக்கம் தடவுவாள், இடது பக்கம் இருக்கும், கதவு திறக்கும். முதல் முறையாக அந்த அறையில் அவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. ஆலோசகர் அதைக் கவனித்துத் தலையசைத்தார்.

விருதுக் குழு வரும் நாளன்று படக்காரரையும் கிடங்குக்கு வரச் சொல்லியிருந்தார்கள். முற்றத்தைக் கழுவி விட்டிருந்தார்கள். பெட்டிகளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். சான்றிதழ் வாங்கியவர்கள் புதுச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். அக்காவும் நின்றார். அன்று மதியத்திலிருந்து அவருக்கு உள்ளே வேலை. ஃப்ரீசர் கதவுக்குப் பக்கத்தில் மெக்கானிக் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“வேலையை முடிச்சிட்டீங்களாண்ணே?” என்றார் படக்காரர்.

“முடிச்சாச்சு. எடுத்துட்டேன்.”

“இடது பக்கம் வச்சாச்சா…?”

“வைக்கிறது என் வேலை இல்ல, தம்பி. எடுக்குறது பராமரிப்பு. புதுசா வைக்கிறது நிர்மாணம். அது வேற துறை.”

“அவங்க எப்ப வருவாங்க?”

“வரணும்னா ஃப்ரீசர் ரூம்குள்ள நுழையணும். பராமரிப்புக்கு விலக்கு உண்டு; நிர்மாணத்து ஆள் நுழையணும்னா உங்க பாடத்துல பாஸாகணும். அங்க இருக்குற ஒரே ஃபிட்டர் ஃபெயில்.”

“ஏன்?”

“குமிழ் வலதுன்னு எழுதிட்டான். அவன்தானே அந்தக் காலத்துல வச்சவன்.” மெக்கானிக் காறித் துப்பப் போய், கழுவிய தரையைப் பார்த்து விழுங்கினார். “அப்படியே வந்தாலும் என்ன பண்ணுவான்? பூட்டு இருக்குறது வலது பக்கம். இடது பக்கம் குமிழை வச்சு, சாமான் மாட்டிக்கவா?”

“அப்ப இப்ப உள்ளேர்ந்து திறக்க…”

“ஒண்ணும் கிடையாது. ஓட்டைதான் இருக்கு. எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து சரியில்லைன்னு சொல்லித் திருப்பிட்டாங்க. இப்ப என்னை வீட்டுக்குப் போகச் சொல்றாங்க. குழு வர்ற நேரத்துல இந்த மூஞ்சி இங்க இருக்கக் கூடாதாம்.” தாடியைத் தடவிக்கொண்டே பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

படக்காரர் இயக்குநரிடம் ஓடினார். இயக்குநர் கைக்கண்ணாடியில் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், குமிழை எடுத்துட்டாங்க. புதுசு வைக்கல. இன்னைக்கு ஆளை உள்ள அனுப்பாதீங்க.”

“ஓட்டை தெரியுதா?”

“தெரியுது மேடம், ஆனா நான் சொல்றது…”

“குழு உள்ள எட்டிப் பார்ப்பாங்க. ஓட்டை தெரியக் கூடாது. அந்தப் படத்தைப் பெரிசா பிரிண்ட் போட்டு வச்சிருக்கோம்ல? கதவு உள்பக்கம் ஒட்டிடுங்க. குமிழ் படத்துல இருக்கே.”

“படத்துல இருக்கு, மேடம். அமுக்கினா…”

“படம் போடுறது உங்க வேலை. அமுக்குறது உங்க வேலையா?”

சுருட்டிய பிரிண்ட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் வரிசையில் நின்ற அக்காவிடம் போனார். “அக்கா, இன்னைக்கு உள்ள போகாத. வயிறு சரியில்லைன்னு சொல்லு. உள்ள குமிழே இல்ல.”

“இடது பக்கம் பார்த்தியா?”

“ரெண்டு பக்கமும் இல்லக்கா.”

“ஏன்டா, முதல் நாளே வயித்து வலின்னு சொன்னா வேலை இருக்குமா? உன் மாமா மாத்திரைக்கு நீயா வழி பண்ணுவ?” சொல்லிவிட்டு அக்கா அவர் சட்டைக் காலரைச் சரி செய்தார். “ஒட்டச் சொன்னா ஒட்டிட்டு வா. கோணலா ஒட்டாத. உள்ள மாட்டிக்கிட்டா இடது பக்கம், ஞாபகம் வச்சுக்க.”

படக்காரர் அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்தார். பையில் தடித்த கறுப்பு மார்க்கர் இருந்தது. படத்தை ஒட்டி, அதன் மேலேயே கொட்டை எழுத்தில் எழுதிவிடுவது: குமிழ் இல்லை, கதவைச் சாத்தாதே. குழு எட்டிப் பார்க்கும், படிக்கும். வேலை போகும். போகட்டும். அக்கா உள்ளே போக மாட்டார். இத்தனை வருடத்தில் ஒரு படத்தின் மேல் அவர் எழுதப்போகும் முதல் வார்த்தை அது.

பக்கவாட்டில் ஓடும் கதவு ஆகையால், திறந்திருக்கும்போது உள்பக்கம் சுவரோடு மறைந்துவிடும். ஒட்டுவதென்றால் உள்ளே போய், கதவை முக்கால்வாசி இழுத்துக்கொண்டால்தான் முடியும். படக்காரர் தன் பையை வாசல் தண்டவாளத்தில் குறுக்காகப் போட்டு, கதவை அதன் மேல் முட்டும்வரை இழுத்தார். ஓர் ஆள் நுழையும் இடுக்கு மிச்சம் இருந்தது. விளக்கு எரிந்தது. மூச்சு புகையாக வந்தது. குமிழ் இருந்த இடத்தில் ஈயப்பூச்சு போன நாலு திருகு ஓட்டைகள். படத்தை விரித்து, நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினார். வெள்ளைச் சட்டை இளைஞன் இடது கையால் குமிழை அமுக்கிக்கொண்டு வலப்பக்கம் பார்த்துச் சிரித்தான். விரல்கள் அதற்குள் மரத்துப் போயிருந்தன. மார்க்கரின் மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினார்.

வெளியே கைதட்டல் கேட்டது. குழு வந்துவிட்டது. ரிப்பன் வெட்டுவது பழசு என்பதால், பாடத்தில் உள்ள ஒரு படத்தை அப்படியே நடித்துக் காட்டி விழாவைத் தொடங்குவதாக ஆலோசகர் அறிவித்துக்கொண்டிருந்தார். ‘கதவைச் சாத்துதல்: குளிர் நம் சொத்து’ என்ற பக்கம். கிடங்கு மேலாளர் நடிப்பார். பாடத்தில் முழு மதிப்பெண் எடுத்தவர்.

படக்காரர் ‘குமிழ்’ என்று எழுதி முடித்திருந்தார். மார்க்கர் குளிரில் உறைந்து எழுத மறுத்தது. வாயருகே வைத்து ஊதினார். ‘இல்’ என்பதுவரை வந்தது.

“இருங்க, ஆள் இருக்கேன்!” என்று கத்தினார். வெளியே கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

இடுக்கு வழியாக மேலாளரின் புதுச் செருப்பு தெரிந்தது. அது பையை உள்ளே தள்ளியது. கவனிப்பாரற்ற பொருட்களை வழியில் விடக் கூடாது என்று இன்னொரு பாடத்தில் இருந்தது. பிறகு ஒரு கை கதவின் விளிம்பைப் பிடித்தது. படக்காரர் பையைத் தாண்டி அந்தக் கையை நோக்கிப் பாய்ந்தார். இடுக்கில் மேலாளரின் முகம் அவருக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. ஒரு தரம் திரும்பினால் போதும்.

“சார், இந்தப் பக்கம்! இங்க பாருங்க சார்!”

“அப்படியே,” என்றது ஆலோசகரின் குரல். “வலப்பக்கம் பாருங்க. இன்னும் கொஞ்சம் வலப்பக்கம். பல்லு தெரியணும். அற்புதம். இப்ப இழுங்க.”

மேலாளர் பாடத்தில் இருந்தது போலவே செய்தார். குரல் கொடுக்கவில்லை, அந்த வரி பாடத்தில் இல்லை. முகத்தை நன்றாக வலப்பக்கம் திருப்பி, எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தபடி, கதவை இழுத்துச் சாத்திக் கைப்பிடியை இறக்கினார். உள்ளே விளக்கு அணைந்தது. பூட்டு விழுந்தது.